பின்வரிசையில் ஓர் இடைவெளி

தரையில் உட்கார்ந்தவர்கள்: பெண் வீட்டுப் பிள்ளைகள், மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள், யார் வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாத ஒருவன்.

நாற்காலியில்: மாப்பிள்ளை ரபேல், பெண் செசிலியா, பெண்ணின் தாயார் சாந்தமேரி, மாப்பிள்ளையைப் பெற்றவர்கள், பங்குச் சாமியார்.

பின்வரிசையில் நின்றவர்கள், இடமிருந்து வலம்: சாந்தமேரியின் கொழுந்தன்மார், சமையல் பக்கிரிசாமி (அவரை யாரும் கூப்பிடவில்லை, கரண்டியை வைத்துவிட்டு வந்து நின்றுகொண்டார்), மாப்பிள்ளையின் சித்தப்பா, பத்திரிகைக்கு எழுதும் மகதலேனா, ஹெர்மன் துரை.

இவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் அன்று கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள்.

குரூப் படத்தில் எல்லாரும் கண் திறந்திருக்கிற நொடியைப் பிடிப்பதுதான் கஷ்டம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். மூடிய கண்ணை நான் பிறகு பென்சிலால் திறந்துவிடுவேன். அது ஒரு வேலையே இல்லை. வராதவர்களை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

நீங்கள் சிங்கப்பூர்க்காரர், அதுவும் மகதலேனாவுடைய பத்திரிகையிலிருந்தே வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்காது. பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேர் ரயில்வே. கல்யாணத்துக்கு லீவு கேட்டால் கிடைக்காது. பெண்ணைப் பெற்றவனே அன்றைக்கு ஈப்போ பக்கம் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பான். அதனால் குரூப் எடுக்கும்போது அந்த ஆள் நிற்கவேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். "அப்பாவுக்கு இடம் விடுங்க லா" என்று ஒரு குரல் கேட்கும், எல்லாரும் நகர்ந்து நிற்பார்கள். அப்பா பிறகு ஓய்வு கிடைத்த நாளில் கோட்டு மாட்டிக்கொண்டு என் ஸ்டூடியோவுக்கு வருவார். நான் அவரைத் தனியாக எடுத்து, அளவு சரிபார்த்து, வெட்டி, குரூப் படத்தில் ஒட்டி, ஓரங்களில் வர்ணம் தடவி, அதை மறுபடி ஒரு படம் பிடிப்பேன். சுவரில் மாட்டுகிற படத்தில் அப்பா இருப்பார். அவர் வரவில்லை என்ற பேச்சை அதன்பிறகு யாரும் எடுப்பதில்லை. வந்தவர்களே எடுப்பதில்லை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

இந்த ஊரில் என்னளவுக்கு ஒட்டுபவர் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

மகதலேனாவைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. நான் அவளைக் கவுன் போட்ட காலத்திலிருந்து பார்க்கிறேன். தகப்பன் ரயில்வேயில் தண்டவாளம் திருப்பிவிடும் பாயின்ட்ஸ்மேன். அவனும் மனைவியும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபிறகு அத்தை சாந்தமேரிதான் வளர்த்தாள். கான்வென்டில் படித்தாள், இங்கிலீஷில் எழுதினாள், சிங்கப்பூர் போனாள். அங்கிருந்து சாங்காய்க்குச் சண்டையைப் பற்றி எழுதப் போனாள். திரும்பி வந்தபோது முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். கால்சட்டை போட்டிருந்தாள். இரண்டு பேர் உட்காருகிற சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே "அத்தே, பசிக்குது" என்றாள். அந்த மாதத்தில் எங்கள் தெருவில் மூன்று நான்கு பெண்கள் முடியை வெட்டிக்கொண்டார்கள். சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் முடியைப் பற்றிப் பேசினார். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ள என்னிடம் வந்தாள். பத்திரிகையில் போடுவதற்காக. வெள்ளைப் பட்டுச் சட்டை, காதில் சின்ன முத்து. என் ஸ்டூடியோவில் குளமும் அன்னமும் வரைந்த திரை ஒன்று உண்டு. அதன் முன்னால் நாற்காலி போட்டு, முதுகுச் சாய்மானத்தில் கையை வைத்து நிற்கச் சொன்னேன். அவள் அன்னத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொர்னேலியஸ் அண்ணே, சாங்காய்ல குண்டு விழுந்து பாதி நின்ன வீட்டுக்கு முன்னாடி என்னை நிக்க வச்சு எடுத்தாங்க. அப்பகூடப் பயம் வரல. இந்த அன்னத்தைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு எடுத்தேன். முகம் பக்கவாட்டில், கண் எதையோ பார்த்துக் குறும்பாக. நல்ல படம்.

தாடைக்குக் கீழே அவளுக்கு ஒரு தழும்பு இருந்தது. கண்ணாடிச் சில்லு கிழித்தது என்றாள். பென்சிலால் இரண்டு இழுப்பு, தழும்பு போய்விட்டது. யாருக்கும் அப்படித்தான் செய்வேன். அம்மைத் தழும்போடு எவனாவது படத்துக்குக் காசு கொடுப்பானா. அவள் படத்தை வாங்க வந்த அன்று கடையில் கூட்டம். கோயிலில் புது நன்மை வாங்கிய பிள்ளைகளும் தாய்மாரும். அவள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என் தழும்பு எங்கண்ணே?"

"நல்லா இருக்கட்டும்னுதான்."

"அது நான் சம்பாதிச்சது. உங்களால ஒரு தழும்பைக்கூட உள்ளபடி விட முடியலையே. நீங்க படம் பிடிக்கல. அழகாப் பொய் எழுதறீங்க. உங்களுக்கு எங்க பத்திரிகையிலயே வேலை போட்டுக் குடுக்கலாம்."

தாய்மார் சிரித்தார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவையும் சிரித்தன. நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. வாடிக்கையாளர் பேசுவது தொழிலில் ஒரு பகுதி. அதே நிலையில் தொடர்ந்து எடுத்திருந்த, பென்சில் படாத வேறொரு கண்ணாடித் தட்டைக் கழுவி, தழும்போடு அச்சுப்போட்டு வீட்டுக்கே கொண்டுபோனேன்; அவள் சிங்கப்பூர் போய்விட்டிருந்ததால் சாந்தமேரி அக்காவிடம் கொடுத்தேன். கடையில் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் "அண்ணே, அழகாப் பொய் எழுதிக் குடுங்க" என்று விளையாட்டாகக் கேட்டார்கள். அதுவும் நின்றுபோயிற்று.

செசிலியாவின் கல்யாணம் ஜூலையில். மாப்பிள்ளை ரபேல் கிள்ளானில் ஹெர்மன் துரையிடம் கிராணி, கணக்கு எழுதுகிறவன். துரை ஜெர்மன்காரர், ரப்பர் தோட்டங்களுக்கு மெஷின் விற்பவர். சாதுவான மனிதர். மாப்பிள்ளை வீட்டார் வரதட்சிணையைக் குறைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் மகதலேனாவின் பெயர். பேப்பரில் எழுதுகிற பெண் இருக்கிற குடும்பம். சாந்தமேரி அக்கா அதை நன்றாகவே பயன்படுத்தியிருந்தாள். "என் பிள்ளை கட்டாயம் வருவா, சம்பந்தியம்மா பக்கத்துல நிப்பா" என்று கோயில் வாசலில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தாள். மகதலேனாவும் வருகிறேன் என்று தந்தி கொடுத்திருந்தாள்.

வரவில்லை. படம் எடுக்கிற நேரம்வரை அக்கா சடக்கில் அவள் கார் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வழக்கப்படி, "மகதலேனாவுக்கு இடம் விடுங்க" என்றாள்.

இடம் ஏற்கெனவே இருந்தது. துரைக்குப் பக்கத்தில் உரசிக்கொண்டு நிற்க யாருக்கும் துணிச்சல் இல்லை. மரியாதைக்காக மாப்பிள்ளையின் சித்தப்பா ஓர் ஆள் அகலத்துக்குத் தள்ளி நின்றிருந்தார். அந்த இடத்தையே வைத்துக்கொண்டேன். இதை நன்றாகக் கவனியுங்கள். அவளைத் துரைக்குப் பக்கத்தில் நிறுத்தியது நான் இல்லை. சித்தப்பாவின் மரியாதை.

மகதலேனா பிறகும் ஸ்டூடியோவுக்கு வரவில்லை. அக்கா வந்தாள். "உன்கிட்டத்தான் அவ படம் இருக்கே, அதையே வச்சுடு தம்பி" என்றாள். வைத்தேன். இரண்டு படத்திலும் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தது அதிர்ஷ்டம். ஒரே சிக்கல் அந்தக் கை. ஸ்டூடியோவில் நாற்காலி மேல் இருந்த கை. நாற்காலியை எடுத்துவிட்டால் கை அந்தரத்தில் நிற்கும். துரை கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முழங்கை சரியாக அந்த உயரத்தில் இருந்தது. கையை அதன்மேல் இறக்கினேன். வெட்டு கோட்டின் மடிப்போடு போய்விட்டது. முகம் அன்னத்தைப் பார்த்துத் திரும்பியிருந்ததால் இப்போது துரையைப் பார்த்தது. குறும்பான சிரிப்பும் அவருக்கே போனது.

தழும்புள்ள தட்டிலிருந்துதான் எடுத்தேன். அவள் விருப்பம் அதுதானே.

முடித்துவிட்டு அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. இருபது வருஷத்தில் அப்படி ஒரு வேலை அமைந்ததில்லை. அமைந்தபிறகு அதை யாரிடமும் காட்ட முடியாது என்பது எங்கள் தொழிலின் சங்கடம். நன்றாகச் செய்தால் செய்ததே தெரியக்கூடாது.

அக்காவுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, கேட்டு வாங்கிக்கொண்ட பக்கிரிசாமிக்கு ஒன்று. ரபேல் தன் முதலாளிக்கும் ஒன்று சட்டம் போட்டுக் கொடுத்தான். துரை அதை வீட்டில் மாட்டிக்கொண்டார். தன் பக்கத்தில் நிற்காத பெண் படத்தில் எப்படி வந்தாள் என்று அவர் கேட்டிருப்பாரோ என்னவோ. எங்கள் ஆட்களின் ஏதோ ஒரு சடங்கு என்று நினைத்துப் பேசாமல் இருந்திருப்பார்.

செப்டம்பரில் இங்கிலீஷ்காரர்களுக்கும் ஜெர்மன்காரர்களுக்கும் சண்டை வந்தது. ஹெர்மன் துரையை மற்ற ஜெர்மன்காரர்களோடு கொண்டுபோனார்கள். வீட்டில் இருந்த காகிதம், புத்தகம், சுவரில் மாட்டியிருந்தது எல்லாவற்றையும் லோரியில் ஏற்றினார்கள். அக்டோபரில் மகதலேனா கிள்ளான் துறைமுகத்தைப் பற்றி எழுதினாள். உங்கள் பத்திரிகைக்குத்தான். கப்பல்கள் ரப்பருக்காக எத்தனை நாள் காத்துக் கிடக்கின்றன என்று. அது அச்சாகவில்லை. தணிக்கையில் நின்றது. இது எதிரிக்குத் துப்பு என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கிள்ளானில் ஜெர்மன்காரர் யாரையாவது தெரியுமா என்று ஒரு கேள்வி. ஒருவரையும் பார்த்ததுகூட இல்லை என்றாள். அவள் சொன்னது உண்மை. அப்போதுதான் மேஜைமேல் அந்தப் படத்தை வைத்தார்கள்.

மறுநாள் என் கடைக்கு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரையும் மொழிபெயர்ப்பாளர் விஜயனும் வந்தார்கள். படத்தின் பின்பக்கம் என் முத்திரை இருந்தது.

"இது உங்க ஸ்டூடியோ படமா?" விஜயன் கேட்டான்.

"ஆமா."

"இதுல இருக்கறவங்க எல்லாம் அந்தக் கல்யாணத்துக்கு வந்தவங்கதானா?"

நீங்கள் இந்த இடத்தில் என்னைக் குற்றம் சொல்லத் தயாராக இருப்பீர்கள். பொறுங்கள். கடையில் யாரும் வந்து, உங்கள் அப்பா கல்யாணத்துக்கு வந்தாரா என்று கேட்டால் என்ன சொல்வோமோ அதைச் சொன்னேன். "படத்துல இருக்காங்களே" என்றேன். விஜயன் அதை இங்கிலீஷில் "ஆமாம்" என்று சொன்னான். நான் சொன்னது வேறு, அவன் சொன்னது வேறு. நான் திருத்தவில்லை. மொழிபெயர்ப்பு அவன் வேலை.

போகும்போது விஜயன் என் காதோடு, "பாவம் அந்தப் பொண்ணு. சண்டை முடியற வரைக்கும் உள்ளதான். அதுவும் அதிர்ஷ்டம் இருந்தா. சீமையில உளவு சொன்னாக் கயிறுதான், தெரியும்ல?" என்றான். தெரியும் என்றேன்.

சாந்தமேரி அக்கா அன்று மத்தியானமே ஓடிவந்தாள். தலைக்கு முக்காடு, கையில் செபமாலை. நான் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துதான் வந்திருக்கிறாள் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. சொல்லச் சொல்லி வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"தம்பி, மாத்தா வந்தாங்களாமே, போலீஸ்காரங்ககிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"சொல்லிராத. கிள்ளான்ல என் பொண்ணு இப்பவே அழுதுகிட்டு இருக்கா. மாப்பிள்ளைக்கு வேலை போச்சு. மாமியார்காரி எதுக்கெடுத்தாலும் குத்திக் காட்டறா. அவ வரவே இல்ல, ஒட்டுப்படம்தான் மாட்டிவச்சேன்னு ஊர் முன்னாடி வெளிய வந்தா, தெரிஞ்சும் இதுவரைக்கும் பேசாம இருந்தவங்களே பொய் சொல்லிக் கட்டிக் குடுத்த குடும்பம்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

"மகதலேனா உள்ள போயிடுவாளேக்கா."

"அவளுக்குப் பெரிய பெரிய துரைங்களைத் தெரியும். ரெண்டு நாள்ல வெளிய வந்துருவா லா. என் பொண்ணுக்கு யாரைத் தெரியும்?"

அவள் வளர்த்த பிள்ளை. அவளே அப்படிச் சொல்லும்போது நான் யார்? ஒரு குடும்பத்தின் மானம் என் கையில் கொடுக்கப்பட்டது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு போலீஸ் ஒவ்வொருவராக விசாரித்தது. நான் வாய் திறக்கத் தேவையே இருக்கவில்லை. கொழுந்தன்மார் அவளைப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒருவர் நீலச் சேலை என்றார், மற்றவர் பச்சை என்றார். படத்தில் அவள் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தாள், அதற்கு யாரும் கவலைப்படவில்லை. பக்கிரிசாமி தன் பிரியாணியை அவள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியதாகச் சொன்னார். அதை அவர் நம்பியே சொன்னார் என்று நினைக்கிறேன். அந்தப் படம் நாலு மாதமாக அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ரபேல் எல்லாரையும்விட ஒரு படி மேலே போனான். துரையும் அவளும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், தான் போனதும் நிறுத்திவிட்டார்கள் என்றான். ஜெர்மன்காரனிடம் கிராணியாக இருந்தவன், தன்மேல் இருந்த கண்ணை வேறு பக்கம் திருப்பப் பார்த்தான். நான் அவனைக் குறை சொல்லமாட்டேன்.

சாமியார் மட்டும், தமக்கு நினைவில்லை என்றார். அவர் வயதானவர்.

அதற்குள் மகதலேனா என் கடைக்கு வந்தாள். அப்போது அவளை ஊரை விட்டு எங்கும் போகக்கூடாது என்றுதான் வைத்திருந்தார்கள். சடக்குக்கு அந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரன் சைக்கிளில் சாய்ந்து நின்றான். அவளிடம் கறுப்புக் கண்ணாடி இல்லை. உதட்டுச் சாயம் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, நீங்க ஒட்டினதுதானே அது?"

"நல்லா வந்திருக்கில்ல?"

அவள் என்னையே பார்த்தாள். "ரொம்ப நல்லா வந்திருக்கு. கயிறு வரைக்கும் வந்திருக்கு. மொதல்ல எடுத்த தட்டு இருக்கா? இடம் காலியா இருக்குமே, அது?"

"இருக்கணும். தேடிப் பார்க்கணும்."

"அதை எடுத்துக்கிட்டு வந்து, நான்தான் ஒட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ்வளவுதான். அத்தைமேல எனக்குக் கோபம் இல்ல. உங்கமேலயும் இல்ல."

"அன்னைக்கு எங்கம்மா போயிருந்தீங்க? அதைச் சொன்னாலே முடிஞ்சதே."

வெளியே நின்ற போலீஸ்காரனைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கிள்ளான் சடக்கில் ஒரு தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், சங்கம் வைக்கப் பார்க்கிற ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தாளாம். கூலி உயர்வு கேட்கிறவர்கள். அவர்கள் பெயரைச் சொன்னால் மறுநாளே கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடுவார்கள், பெண்டு பிள்ளைகள் இங்கேயே நிற்கும். "அவங்க என்னை நம்பிப் பேசினாங்கண்ணே. நான் எப்படிச் சொல்றது? உங்களால முடியும். உங்களுக்கு இதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல."

அந்தத் தோட்டத்து ஆட்களைப் பற்றி இன்றுவரை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. உங்களிடமும் தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். நம்பிச் சொன்னதைக் காப்பாற்றுவதில் நான் உறுதியானவன்.

தட்டைத் தேடுகிறேன் என்றேன். அவள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. "நீங்க சொல்லிருவீங்க, எனக்குத் தெரியும்" என்றாள்.

தட்டு அலமாரியின் இரண்டாவது அடுக்கில், ஜூலை என்று எழுதிய பெட்டியில் இருந்தது. தேட வேண்டியதே இல்லை. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். சித்தப்பாவுக்கும் துரைக்கும் நடுவில் ஒரு வாழைமரம் தெரிந்தது. அவ்வளவுதான். இதை நான் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று நிதானமாக யோசித்தேன். பிரிக்பீல்ட்ஸில் பாதி வீட்டுச் சுவரில் என் படம் இருக்கிறது. ஒன்று ஒட்டு என்றால் எல்லாம் ஒட்டா என்று கேட்பார்கள். எந்த அப்பா வந்தார், எந்த அப்பா வரவில்லை என்று வீட்டுக்கு வீடு பேச்சாகும். அத்தனை பேருடைய நிம்மதி ஒரு பக்கம். ஓர் ஆள் ஒரு பக்கம். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை.

பழைய தட்டுகளை நாங்கள் வீணாக்குவதில்லை. சலவை உப்புப் போட்ட சுடுநீரில் ஊறவைத்தால் மேல்பூச்சு தோலாக உரிந்து வந்துவிடும், சுத்தமான கண்ணாடி மிஞ்சும். மறுநாள் காலையில் அதைச் செய்தேன். வேறு சில பழைய தட்டுகளோடு சேர்த்துத்தான் செய்தேன், இதை மட்டும் தனியாக எடுத்துச் செய்யவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் சாமியாரும் வாழைமரமும் சுருண்டு தண்ணீரில் மிதந்தார்கள். சாக்கடையில் ஊற்றினேன். கண்ணாடி நல்ல கண்ணாடி. அளவும் தோதாக இருந்தது. திரு இருதயப் படம் ஒன்றுக்குச் சட்டம் போட்டு விற்றுவிட்டேன்.

ஆகையால் நீங்கள் ஊருக்குப் போய் இதை அச்சுப்போட்டால், நான் இல்லை என்று சொல்லிவிடுவேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு தூரம் வந்தீர்களே என்றுதான் சொல்கிறேன். அதோடு, இந்த வேலையைப் பற்றி விவரம் தெரிந்த ஒருவரிடமாவது பேசவேண்டும் போல் இருந்தது.

விசாரணை மூடிய அறையில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் இரண்டு துரைமார், பக்கத்தில் விஜயன். அவள் ஒரு நாற்காலியில். சாம்பல் நிறச் சேலை கட்டியிருந்தாள், அதிலும் பார்க்க நன்றாகவே இருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் கையில் பெட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தது எனக்குத் தெரிந்தது.

பெரிய துரை படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். லண்டனில் போலிப் படங்களைக் கண்டுபிடிப்பதில் அவருக்குப் பேராம். அவள் விடவில்லை.

"இது ஒட்டினது. இந்த மனுஷர் எல்லார் முகத்தையும் திருத்துறவர். என் தாடைக்குக் கீழ ஒரு தழும்பு இருக்கு. எப்பவோ ஸ்டூடியோவுல எடுத்த படத்துல அதை அழிச்சுட்டார். பாருங்க, இதுல இருக்கான்னு."

துரை கண்ணாடியைத் தாடைக்கு நகர்த்தினார். பிறகு படத்தையும் கண்ணாடியையும் அவளிடமே நீட்டினார். தழும்பு இருந்தது. சின்னதாக, தெளிவாக, உள்ளபடி.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இதில் ஒட்டே இல்லை" என்று துரை இங்கிலீஷில் சொன்னார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். "தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல், இதில் ஏதாவது கைவேலை தெரிகிறதா?" என்று கேட்கச் சொன்னார். விஜயன் கேட்டான்.

தெரிகிறதா என்றுதான் கேட்டார்கள். இருக்கிறதா என்று கேட்கவில்லை.

"கொர்னேலியஸ் அண்ணே, சொல்லுங்க" என்றாள் அவள். அது இரண்டாம் தடவை.

"தெரியல" என்றேன்.

பெரிய துரை தலையசைத்துக் கண்ணாடியைப் பைக்குள் வைத்தார். லண்டனில் போலி பிடித்த கண்ணாடி அது. அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். கடமையைச் செய்த நிம்மதி. வேறொன்றும் இல்லை.

போன மாதக் கடைசியில் விஜயன் மறுபடி வந்தான். அவளை சிங்கப்பூருக்குக் கொண்டுபோகிறார்கள், அங்கிருந்து எங்கே என்று தெரியாது. அதற்குமுன் கைதிப் படம் வேண்டும், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. போலீஸ் படக்காரன் காய்ச்சலில் கிடக்கிறான். "துரை உங்களைத்தான் கூப்பிடச் சொன்னார். உங்க வேலை சுத்தமா இருக்காம்" என்றான்.

காமிராவை எடுத்துக்கொண்டு போனேன். சிறை முற்றத்தில் வெளிச்சம் நன்றாக இருந்தது. சுண்ணாம்புச் சுவர். அவளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முடி வளர்ந்து தோளைத் தொட்டது. விஜயனும் காவல்காரியும் நிழலைத் தேடி ஒதுங்கினார்கள். நாங்கள் இருவர்தான் வெயிலில் இருந்தோம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு அவளைப் பார்த்தேன். தலைகீழாகத் தெரிந்தாள்.

"மொகத்தைக் கொஞ்சம் தூக்குங்க" என்றேன்.

தூக்கினாள். "இதுல எனக்குப் பக்கத்துல யாரை நிறுத்தப் போறீங்க?"

"யாரும் இல்ல. கைதிப் படத்துல கை வைக்கக் கூடாது. உத்தரவு."

"அப்ப உங்க வாழ்க்கையிலயே உண்மையா ஒரு படம் எடுக்கறீங்க." சிரிக்காமல்தான் சொன்னாள்.

நேராக ஒன்று எடுத்தேன். பக்கவாட்டில் திரும்பச் சொன்னேன். தழும்பு என் பக்கம் வந்தது. தட்டை மாற்றுவதற்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே நேரம் எடுத்துக்கொண்டேன். வேண்டுமென்றேதான். அவளுக்குச் சமயம் கொடுத்தேன். விஜயன் கூப்பிடு தூரத்தில் நின்றான். அவள் அப்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அங்கேயே அவனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். தட்டு இல்லாவிட்டாலும் என் வாய் இருக்கிறதே. மனிதனுக்கு மனிதன் வாயைத் திறந்து கேட்கவேண்டும். அவளுக்கு அந்தப் பணிவு கடைசிவரை வரவில்லை.

காவல்காரி வந்து தோளைத் தொட்டாள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து, குனிந்து உள்ளே போனாள். நான் காமிராவின் காலை மடக்கிக்கொண்டே இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. கதவைச் சாத்தினார்கள். பூட்டினார்கள்.